வாய் ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம்

தியானப் பகுதி: மத்தேயு 6:19-24, யோவான் 10:11-13



2024 ஜூலை 4-ஆம் தேதி பிரிட்டனில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. சஃபோக் பகுதியிலுள்ள ஒரு தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்றவர் கெவின் கிரெய்க். அவர் தன் தொகுதி முடிவின்மேலேயே பந்தயம் கட்டியிருந்தார். யார் ஜெயிப்பார்கள் என்று தெரியுமா? எதிர்த்து நின்ற கன்சர்வேட்டிவ் கட்சி ஜெயிக்கும் என்று! ஜூன் 25-ஆம் தேதி விஷயம் வெளியானது. கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. வேட்புமனு காலம் முடிந்துபோனதால் வாக்குச்சீட்டில் அவர் பெயர் அப்படியே இருந்தது. தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சியே ஜெயித்தது.

"கிடைக்கிற பணத்தைத் தர்ம காரியத்துக்குக் கொடுக்கத்தான் நினைத்தேன், பெரிய தப்பு பண்ணிவிட்டேன்" என்று அவர் மன்னிப்புக் கேட்டார். வேண்டுமென்றே தோற்றார் என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்டில் தேர்தல் பந்தயம் சட்டப்படி நடக்கிற வியாபாரம்தான். ஆனாலும் வேதத்தின் வெளிச்சத்தில் பாருங்கள்.

1. பொக்கிஷம் இருக்கிற இடத்துக்கே இருதயமும் போகும் என்று ஆண்டவர் எச்சரித்தார். "எனக்கு ஓட்டுப் போடுங்க" என்று வாய் கேட்கிறது. பணமோ எதிர்ப்பக்கம் நிற்கிறது. நம்பி ஓட்டுப் போடுகிறவன் தோற்றால் இவருக்கு லாபம்!

2. தான் ஜெயிப்பேன் என்று கட்டினால் சரியா? அதுவும் சரியல்ல. ஜனங்களின் ஓட்டு அப்போது சூதாட்டக் காயாகிவிடும். ஆடுகள்மேல் கவலையில்லாத கூலியாளைப்பற்றி இயேசு சொன்னது இதற்கும் பொருந்தும்.

3. நோக்கம் நல்லது என்பதால் வழி சுத்தமாகிவிடாது. தர்மத்துக்குக் கொடுத்தாலும் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது.

இதை வாசித்து, "என்ன மனுஷனய்யா!" என்று சொல்ல வாய் திறந்தேன். ஆவியானவர் என்னையே உணர்த்தினார். ஒரு சகோதரன் குடியிலிருந்து விடுதலையாகும்படி சபையில் உபவாசத்தோடு ஜெபித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அவனாவது, திருந்துறதாவது!" என்றேன். சபையில் அவனுக்காக ஜெபம். வீட்டில் அவனுக்கு எதிராகப் பந்தயம். காசு கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்று இரவு முழங்காலில் நின்று அழுதேன். மறுநாள் அவன் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தேன்.

தேவப்பிள்ளையே, உன் வாய் நிற்கிற பக்கத்தில்தான் உன் இருதயமும் நிற்கிறதா? இன்றே சோதித்துப் பார். நல்ல மேய்ப்பன் நமக்காக ஜீவனையே கொடுத்தாரே! அல்லேலூயா!