கேமராவோடு போராட்டக் களத்துக்குப் போகிறவர்களுக்கு

1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மேடையில் பாடகர் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதைக் கண்டித்துப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிய ரெட் சாண்டர்ஸ் ஒரு புகைப்படக்காரர். அதிலிருந்து பிறந்ததுதான் இனவெறிக்கு எதிரான 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம். அதில் சேர்ந்து உழைத்தவர் சிட் ஷெல்டன். படமும் எடுப்பார், பக்கமும் வடிவமைப்பார். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு அவரை வைத்தே சில விஷயங்கள் சொல்கிறேன்.

1. முதலில் சேருங்கள், பிறகு படம் எடுங்கள். ஷெல்டன் ஏதோ ஒரு பத்திரிகை அனுப்பிவைத்த ஆள் அல்ல, இயக்கத்தின் குழுவிலேயே இருந்தவர். 1977 ஆகஸ்ட் 13 அன்று லண்டனின் லூயிஷமில் இனவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரன்ட்டின் ஊர்வலத்தை மறிக்க மக்கள் திரண்டார்கள். பொதுக் கழிப்பறைக் கூரைமேல் ஏறி நின்று கறுப்பின உரிமைப் போராளி டார்கஸ் ஹவ் மெகாஃபோனில் பேசும் படம் அன்று ஷெல்டன் எடுத்தது. அவசியம் தேடிப் பாருங்கள். 'நடுநிலை எங்கே?' என்று யாராவது கேட்டால் கலங்க வேண்டாம். ஒரு பக்கம் நிற்பது வேறு, பொய் சொல்வது வேறு. நடக்காததை நடந்ததாகக் காட்டாதவரை உங்கள் படம் நேர்மையானதுதான்.

2. பக்க வடிவமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். இதைத்தான் அழுத்திச் சொல்வேன். இயக்கத்தின் 'டெம்பரரி ஹோர்டிங்' இதழை ரூத் கிரெகரி முதலானவர்களோடு சேர்ந்து ஷெல்டன் வடிவமைத்தார். கத்தரிக்கோலும் பசையும் வைத்துப் பக்கம் கட்டிய காலம். விரித்தால் சுவரில் ஒட்டலாம் என்கிற மாதிரி இதழ். எந்த முகத்தைப் பெரிதாக்குவது, எதை வெட்டுவது, தலைப்பு எங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் படம் எடுத்தவரே முடிவு செய்யும்போது படத்தின் பொருள் கை மாறிக் கெடாது. வருமானத்துக்கும் அந்தக் கைவேலை உதவும்.

3. மேடையிலேயே கண்ணை வைத்திருக்காதீர்கள். 1978 ஏப்ரல் 30 அன்று இயக்கத்தின் கச்சேரியில் கிளாஷ், ஸ்டீல் பல்ஸ் இசைக்குழுக்களைக் கேட்க லண்டன் விக்டோரியா பூங்காவில் பெருங்கூட்டம். டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக நடந்தே வந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். ஷெல்டனின் கேமரா ரசிகர்கள் பக்கமும் தெருமுனை இளைஞர்கள் பக்கமும் திரும்பியது.

4. ஒரு முகம் வெளியானால் அவருக்கு வேலை போகுமா, அடி விழுமா என்று வெளியிடும் முன் யோசியுங்கள்.

5. நெகடிவ்களைப் பத்திரப்படுத்துங்கள். இயக்கம் ஓய்ந்து 30 ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 2015இல் லண்டன் ரிவிங்டன் பிளேஸில் ஷெல்டனின் படங்கள் கண்காட்சியாயின. அதே ஆண்டு புத்தகமும் வந்தது. நீங்கள் இன்று எடுத்ததை இன்றே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, தேதி, தெரு, எதற்காகக் கூடினார்கள் என்று எழுதி வையுங்கள்.