ஒரு வினாவுக்குப் பல விடை

இக்கட்டுரைக்குக் காரணம் என் பிழை ஒன்று. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் ரயில் நிலையத்திற்கு அருகே நான் தங்கியிருக்கிறேன். நம் சங்கத்தின் குருதிக்கொடையாளர் பட்டியல் நெடுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அதனைப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் ஏற்றும் பணியை மேற்கொண்டேன். குருதிப் பிரிவைக் கொடுத்தால் கொடையாளரின் பெயரைத் தரும் செயற்கூறு ஒன்றையும் எழுதி அதிலேயே சேமித்து வைத்தேன்.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, ஓ நெகட்டிவ் குருதி வேண்டுமென்று தொலைபேசி வந்தது. அப்பிரிவினருக்கு அப்பிரிவுக் குருதியே ஏற்கும். செயற்கூறு ஒரே பெயரைத் தந்தது. அந்நண்பரோ சேலம் சென்றிருந்தார். "வேறு எவரும் இல்லை" என்று நானே சொல்லிவிட்டேன். விடியுமுன் ஐயம் தோன்றிப் பழைய நோட்டைப் புரட்டினேன். மூன்று பெயர்கள் இருந்தன! அவருள் ஒருவர் என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்பவர். உடனே சென்று குருதி கொடுத்தார், நோயாளியும் பிழைத்தார். ஆயினும் வீணாய்ப்போன ஐந்து மணி நேரத்திற்கு நானே பொறுப்பு.

பிழை யாது? செயற்கூற்றின் தொடக்கத்தில் 'ரிட்டர்ன்ஸ் டெக்ஸ்ட்' என்று குறித்திருந்தேன். 'ஒரு விடை மட்டும் தருக' என்பதே அதன் பொருள். எஸ்.க்யூ.எல். மொழியில் எழுதிய இத்தகைய செயற்கூறு, உள்ளே மூன்று வரிசைகள் கிடைத்தாலும் முதல் வரிசையைத் தந்துவிட்டு ஏனையவற்றை விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வாராது. 'ஆர்டர் பை' என்று ஒழுங்கு கூறாவிடின், எது முதல் வரிசை என்பதும் உறுதியன்று.

திருத்தம் எளிது. 'ரிட்டர்ன்ஸ் ஸெட்ஆஃப் டெக்ஸ்ட்' என்று எழுதினால் எல்லா வரிசைகளும் வரும். பெயரோடு தொலைபேசி எண்ணும் வேண்டுமாயின், 'ரிட்டர்ன்ஸ் டேபிள்' என்று எழுதி, அடைப்புக்குள் ஒவ்வொரு பத்தியின் பெயரையும் வகையையும் குறிக்கலாம். இவ்வசதி 2009இல் வெளிவந்த 8.4ஆம் பதிப்பிலிருந்து உள்ளது. பின்னர் அச்செயற்கூற்றை 'ஃப்ரம்' என்பதன்பின் வைத்து, ஓர் அட்டவணையைப் போலவே வினவலாம். ஒன்று நினைவிற் கொள்க: விடையின் வகையை மாற்றுவதற்குப் பழைய செயற்கூற்றை நீக்கிவிட்டே புதியதை அமைக்க வேண்டும்.

நிபந்தனைகளும் சுழற்சிகளும் வேண்டுமிடத்துப் பி.எல்./பி.ஜி.எஸ்.க்யூ.எல். மொழி பயன்படும். அதில் 'ரிட்டர்ன் நெக்ஸ்ட்' ஒரு வரிசையைச் சேர்க்கும். 'ரிட்டர்ன் குவெரி' ஒரு வினவலின் எல்லா வரிசைகளையும் சேர்க்கும். 'ரிட்டர்ன்' என்ற சொல்லைக் கண்டு, செயற்கூறு அங்கேயே முடிந்தது என மயங்கலாகாது. பட்ஜ் பட்ஜிலிருந்து வரும் ரயில் மாஜேர்ஹாட், நியூ அலிப்பூர், டாலிகஞ்ச், லேக் கார்டன்ஸ் என நின்று நின்று ஆட்களை ஏற்றி, சியால்தா செல்வோரை அங்கு ஒருங்கே இறக்குவதன்றோ? அதுபோல வரிசைகள் சேர்ந்துகொண்டே வந்து, செயற்கூறு முடிந்த பின்னரே மொத்தமாய் நம்மை அடையும். வரிசைகள் பல இலட்சமாயின் இக்காத்திருப்பும் நீளும்.

1970இல் எட்கார் காட் வகுத்த உறவுமுறைக் கொள்கையில், உறவின்மீது செயல் நிகழ்த்தினால் கிடைப்பதும் உறவே. அட்டவணையை வினவினால் விடையும் அட்டவணையே என்று இதனை எளிதாகச் சொல்லலாம். அதில் ஒரு வரிசை இருக்கலாம், நூறு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆகவே செயற்கூறு எழுதுமுன், 'இவ்வினாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கக்கூடுமா?' என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடை ஒன்றே என்று நம்புமிடத்தும், மேற்கூறிய மொழியில் 'செலெக்ட் இன்டு ஸ்ட்ரிக்ட்' என்று எழுதுக. இரண்டாம் வரிசை தோன்றின் அது பிழையென்று அறிவிக்கும்; வாளா விடாது.

இன்று ஓ நெகட்டிவ் என்று கேட்டால் மூன்று பெயர்களும் வருகின்றன. பழைய நோட்டையும் நான் பத்திரமாகவே வைத்திருக்கிறேன்.