வாசற்கோலமும் வகுப்பறைக் கணக்கும்

இரண்டாம் ஆண்டு மாணவி, பி.எஸ்ஸி. (கணிதம்)

முன்னுரை

கலை என்றவுடன் சிற்பமும் ஓவியமும் நடனமும் நம் நினைவுக்கு வருகின்றன. கோயில்களுக்கும் காட்சிக்கூடங்களுக்கும் சென்று காண்பதே கலை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் விடியுமுன் பிறந்து, பொழுது ஏறுவதற்குள் நடப்போர் காலடியில் கலைந்துபோகும் கலை ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதுதான் கோலம்.

ஆண்டு முழுவதும் கோலம் உண்டு என்றாலும் அதற்கு உரிய காலம் மார்கழியே. சம்பாப் பயிர் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். அறுவடை இன்னும் தொடங்கியிராது. திருமணம் முதலிய விழாக்களும் அம்மாதத்தில் நடப்பதில்லை. நமக்கோ பருவத்தேர்வு முடிந்து விடுமுறை. ஊரே சற்று அமைதியாக இருக்கும் அந்நாட்களில் மூன்று புள்ளிக் கோலம் பதினைந்து புள்ளிக் கோலமாக வளர்கிறது. அந்தக் கோலத்துக்குள் நாம் வகுப்பில் படிக்கும் கணிதம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மாவும் கையும்

கோலத்துக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. பெருக்கிச் சாணம் தெளித்த தரை, ஒரு கிண்ணம் மாவு, ஒரு கை. அவ்வளவே. பச்சரிசி மாவில் இட்டால் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகும். வெள்ளைக் கல்லைப் பொடித்த கோலமாவு விலை மலிவு. கோடும் பளிச்சென்று விழும். ஓரங்களுக்குச் செம்மண் கரைத்துப் பட்டை அடிப்பதும், சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி நடுவில் வைப்பதும் மார்கழியின் தனி அழகு.

ஈரம் முற்றும் காயாத தரையே கோலத்துக்கு ஏற்றது. தண்ணீர் நின்றால் மாவு கரையும். முற்றும் காய்ந்தால் மாவு ஒட்டாமல் காற்றில் பறக்கும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மாவை எடுத்து, விரலைத் தரையில் படாமல் நகர்த்தவேண்டும். கை நின்றால் மாவு குவியும். விரைந்தால் கோடு அறுபடும். பென்சிலும் அழிப்பானும் இல்லாத இக்கலையில், கோட்டின் பாதை முழுவதையும் மனத்துக்குள் வரைந்துவிட்டே கையை அசைக்க வேண்டியிருக்கிறது.

புள்ளிகளின் எண்ணிக்கை

புள்ளி வைப்பதில் இருவகை உண்டு. ஒரு வரிசையின் புள்ளிகளுக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் புள்ளிகளை வைப்பது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு இடையே வரும்படி வைப்பது இடைப்புள்ளி. இதை ஊடுபுள்ளி என்றும் சொல்வர்.

“ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் முடிக்க” என்றால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என அமையும். கூட்டிப் பார்த்தால் 25. இது 4-இன் வர்க்கமும் 3-இன் வர்க்கமும் சேர்ந்த தொகை. ஒன்பது புள்ளியில் தொடங்கினால் 41. அது 5-இன் வர்க்கமும் 4-இன் வர்க்கமும் சேர்ந்தது. சாய்சதுரமாக நிற்கும் அக்கோலத்தைத் தலைசாய்த்துப் பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரண்டு சதுரங்கள் கண்ணுக்குத் தெரியும்.

“பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி, எட்டு வரை” என்பது பெரிய வாசல்களில் காணும் கோலம். நடு வரிசையில் 15. மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8-இல் நிற்கும். மொத்தம் 169 புள்ளிகள். நடுப்புள்ளியைச் சுற்றி 6, அதைச் சுற்றி 12, அடுத்து 18 என்று ஏழாம் சுற்றில் 42 வரை அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. தேனடையின் அறைகள் அடுக்கப்பட்டிருப்பதும் இம்முறையில்தான்.

கம்பி எத்தனை?

புள்ளிகளை இணைக்காமல், அவற்றைச் சுற்றி வளைந்து ஓடும் கோடுகளால் ஆனது சிக்குக்கோலம். கோட்டைக் கம்பி என்பது வழக்கம். கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சென்று, குறுக்கிடும் இடங்களில் நேரே கடந்து, ஓரத்தில் வளைந்து திரும்பி, புறப்பட்ட இடத்தையே அடைய வேண்டும். இவ்விதியின்படி 3 புள்ளி அகலமும் 4 புள்ளி உயரமும் உள்ள நேர்ப்புள்ளிக் கட்டத்தில் இட்டால் ஒரே கம்பியில் கோலம் முடிந்துவிடும். 4-க்கு 4 என்று வைத்தால் நான்கு தனித்தனிக் கம்பிகள் வேண்டும். ஏன் இந்த வேறுபாடு?

ஒவ்வொரு புள்ளியையும் நான்கு சிறு வளைவுகள் சூழ்கின்றன. 3-க்கு 4 கட்டத்தில் 12 புள்ளிகள். எனவே 48 வளைவுகள். கம்பி ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் அரைப்புள்ளித் தூரமும், மேலோ கீழோ அரைப்புள்ளித் தூரமும் நகர்கிறது. மூன்று புள்ளி அகலத்தைக் கடந்து திரும்பிவர 12 வளைவுகள் ஆகும். நான்கு புள்ளி உயரத்துக்கு 16 ஆகும். இரண்டும் ஒருசேர முடிந்தால்தான் கம்பி புறப்பட்ட இடத்தை அடையும். 12, 16 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 48. அதாவது, கம்பி திரும்பி வருவதற்குள் எல்லா வளைவுகளும் தீர்ந்துவிடுகின்றன! ஆகவே ஒரே கம்பி போதும்.

4-க்கு 4 கட்டத்தில் 64 வளைவுகள் இருக்கின்றன. ஆனால் கம்பி 16 வளைவுகளிலேயே வீடு திரும்பிவிடுகிறது. ஆகவே நான்கு கம்பிகள் தேவை. சுருங்கச் சொன்னால், அகலம், உயரம் ஆகிய இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, கம்பிகளின் எண்ணிக்கையும் அதுவே. 3-க்கு 6 என்றால் மூன்று. 5-க்கு 7 என்றால் ஒன்று. நண்பர்கள் கட்டம்போட்ட தாளில் வரைந்து பார்க்கலாம்.

பிரிந்ததைச் சேர்க்கும் வழி

3-க்கு 3 கட்டத்தில் மூன்று கம்பிகள் வரவேண்டும் என்பது விதி. ஆனால் எங்கள் வீட்டு வாசலில் ஒன்பது புள்ளிச் சதுரத்தில் ஒரே கம்பியாக அல்லவா கோலம் ஓடுகிறது! கூர்ந்து பார்த்தபோது, கீழ் வரிசையில் முதல் புள்ளிக்கும் இரண்டாம் புள்ளிக்கும் இடையிலும், இரண்டாம் புள்ளிக்கும் மூன்றாம் புள்ளிக்கும் இடையிலும் மட்டும் கம்பிகள் குறுக்கிடாமல், ஒன்று மேலாகவும் மற்றொன்று கீழாகவும் வளைந்து விலகுவது தெரிந்தது. என் தாயாரிடம் காரணம் கேட்டேன்.

“இல்லேன்னா மூணு துண்டா நிக்கும்டி. மூணை ஒண்ணாக்க ரெண்டு முடிச்சு போதும்.”

“இதெல்லாம் யாரும்மா சொல்லிக் கொடுத்தது?”

“எங்க ஆத்தா போடுவா, பார்த்துக்கிட்டே நிப்பேன்.”

இதைக் கணிதமாகச் சொன்னால் இவ்வாறு வரும்: வெவ்வேறு இரண்டு கம்பிகள் குறுக்கிடும் ஓர் இடத்தில் அவற்றைக் குறுக்கிடாமல் விலக்கிவிட்டால், இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்று கம்பிகளை ஒன்றாக்க இத்தகைய மாற்றங்கள் இரண்டு போதும். அவ்விரண்டையும் இடமும் வலமுமாகச் சம தூரத்தில் செய்திருப்பதால் கோலத்தின் சமச்சீரும் கெடவில்லை.

1736-ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை, கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து சுற்றிவர இயலாது என்று நிறுவினார். ஒரே தொடர்ச்சியான உருவத்தில் எல்லாச் சந்திப்புகளிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் வழிகள் கூடினால், கை எடுக்காமல் வரைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்பது அதிலிருந்து வளர்ந்த விதி. கோலத்தின் ஒவ்வொரு குறுக்கீட்டிலும் நான்கு வழிகள் கூடுவதால் இவ்விதி பொருந்தும். ஆனால் ஆய்லரின் விதி சந்திப்பில் எப்பக்கமும் திரும்ப இடம் தருகிறது. நம் பெண்களோ சந்திப்பில் நேரே செல்லவேண்டும் என்ற கூடுதல் கட்டுப்பாட்டைத் தமக்கு விதித்துக்கொண்டார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அறிஞர் கண்ட கோலம்

கோலத்தை ஆய்வுக்கு உரியதாக உலகம் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் இணைந்து, கணிப்பொறிக்கு உரிய வடிவ இலக்கணங்களைக் கோலத்தின் துணையால் விளக்கும் கட்டுரையை 1974-இல் வெளியிட்டனர். அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-இல் கோல மரபைப் பற்றி எழுதினார். ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டின் சோக்வே மக்கள் மணலில் புள்ளியிட்டு, விரலால் கோடு இழுத்துக் கதை சொல்வர். மொசாம்பிக்கில் பணியாற்றிய பவுலஸ் கெர்டெஸ் அவ்வரைவுகளை ஆராய்ந்து, நம் கோலங்களோடும் ஒப்பிட்டார். அங்கே வரைபவர் ஆண்கள், இங்கே பெண்கள். இரு சாராரும் கண்டது ஒரே கணக்கு.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். சேர்க்கை விண்ணப்பத்தில் ‘தாயின் கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டியிருந்தது. மூன்றை ஒன்றாக்க இரண்டு முடிச்சு போதும் என்ற அறிவைக் குறிப்பதற்கு அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. அவர் பள்ளிக்கூடம் சென்றதில்லை என்பது உண்மை. அவருக்குக் கணக்குத் தெரியாது என்பது உண்மையன்று. என் தாயாரைப் போன்றோர் பள்ளி சென்றிருந்தால் எத்தனை பேர் நமக்குப் பேராசிரியர்களாக வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்று ஒட்டுக்கோலங்களும், மாவை நிரப்பித் தட்டும் அச்சுத் தகடுகளும் கடைகளில் கிடைக்கின்றன. அடுக்குமாடி வீடுகளில் வாசலே ஒரு முழம்தான். காலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கையோடும் கண்ணோடும் மட்டுமே வாழ்ந்துவந்த அறிவு, கற்றுக்கொள்ள ஒருவரும் இல்லாவிட்டால் அந்தக் கையோடேயே போய்விடும்.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மார்கழி விடுமுறையில் கட்டம்போட்ட நோட்டு ஒன்றை வாங்குங்கள். உங்கள் தாயாரோ பாட்டியாரோ போடும் கோலங்களைப் புள்ளிக் கணக்கோடு அதில் வரைந்துகொள்ளுங்கள். எத்தனை கம்பி என்று எண்ணுங்கள். அவர்கள் எந்த இடத்தில் விலக்கினார்கள், ஏன் விலக்கினார்கள் என்று கேளுங்கள். மாணவர்களும் இதைச் செய்யலாம்; கணக்குக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை. ஐம்பது பேர் ஆளுக்குப் பத்துக் கோலம் கொண்டுவந்தால், நம் கணிதத்துறை நூலகத்தில் ஐந்நூறு கோலங்கள் இருக்கும். அவற்றை எழுதியவர்கள் வரிசையில் நம் பெயர்களுக்கு முன்னால் நம் தாய்மார்களின் பெயர்கள் இருக்கட்டும்.