இறக்கையில் படிந்த பனிக்கட்டி

யுத்தகால விமானம் என்றதும் வன்னி மக்களாகிய எமக்குக் குண்டுவீச்சுத்தான் நினைவுக்கு வரும். ஆனால் யுத்த காலத்தில் பனிக்கட்டியும் விமானங்களை வீழ்த்தியிருக்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் நான் அறிந்துகொண்ட அத்தகைய விபத்தொன்றை இங்கே தருகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் நாஷ்வில்லிலிருந்து மெம்பிஸ் நகருக்கு டி.சி.3 ரகப் பயணிகள் விமானமொன்று புறப்பட்டது. வழியில், மேலும் உயரே செல்ல விமானி அனுமதி கேட்டார். சற்று நேரத்தில் சென்டர்வில் என்ற ஊருக்கு அருகே விமானம் வீழ்ந்தது. 8 பயணிகளும் 3 பணியாளர்களும் உயிரிழந்தனர்.

காரணம் என்ன? ஒவ்வொரு கிலோமீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. கிளிநொச்சியில் 32 பாகை வெயில் கொளுத்தினாலும், எம் தலைக்கு மேல் ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் வெப்பநிலை 0 பாகைதான். அத்தகைய குளிர் முகில்களில் 0 பாகைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் உண்டு. விமானம் மோதியதும் அவை அதன்மேல் உறைந்துவிடும். பாரம் கூடுவது ஓர் ஆபத்து. இறக்கையின் வடிவம் கெடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. இறக்கையை ஒட்டி ஓடவேண்டிய காற்று விலகிப்போக, தூக்குவிசை குறைந்து தடைவிசை கூடும்.

இதற்குப் பரிகாரம் அன்றே இருந்தது. இறக்கையின் முன்விளிம்பிலுள்ள இறப்பர்ப் பைகளைக் காற்றால் ஊதிப் பனிக்கட்டியை உடைப்பார்கள். இயந்திர விசிறியில் மதுசாரம் பாய்ச்சுவார்கள். அந்த விமானத்துக்கோ இவ்வசதிகள் கைகொடுக்கவில்லை.

அதே காலத்தில் எமக்கு அண்மையிலும் இது நடந்தது. 1942 முதல் 1945 வரை இந்தியாவின் அசாமிலிருந்து இமயமலையின் கிழக்குத் தொடரைக் கடந்து சீனாவுக்குப் பொருட்கள் கொண்டுசென்ற விமானங்களில் ஏறத்தாழ 600 இழக்கப்பட்டன. புயலும் பனிக்கட்டியும் பலவற்றை வீழ்த்தின. அவற்றில் சென்ற பலர் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

என்னைச் சிந்திக்க வைத்தது இந்த வேறுபாடுதான். கோடிக்கணக்கானோர் மாண்ட யுத்தத்தின் நடுவிலும், 11 பேரின் மரணத்தை விசாரித்துக் காரணத்தை எழுதி வைத்தார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரும் தம் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்டார்கள். யுத்தம் என்ற ஒரு சொல் அதற்குப் பதிலாகாது. சகோதரிகளே, ஏன், எவ்வாறு என்று கேட்பதற்குத்தான் நாம் விஞ்ஞானம் கற்கிறோம். அந்தக் கேள்வியைப் பரீட்சை மண்டபத்தோடு விட்டுவிடாதிருப்போம்.