கணனி மாறினாலும் ஏடுகள் அழியக்கூடாது

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பங்கு அலுவலகம் எனப் பல இடங்களில் பழைய கணனி ஒன்று பாவனையில் உள்ளது. கடன் பேரேடும் கூட்ட அறிக்கைகளும் கடிதங்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 பல பழைய கணனிகளை ஏற்பதில்லை. புதியது வாங்க வசதியற்ற சங்கங்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல இயங்குதளமான லினக்ஸ் நல்ல வழியாகும். ஆனால் அதை நிறுவும்போது வன்தட்டில் உள்ளவை முற்றாக அழியக்கூடும். ஆகவே பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள்.

1. இரண்டு பிரதிகள்

ஆவணங்கள், படங்கள், மேசைத்திரையில் கிடப்பவை அனைத்தையும் இரு வேறு சேமிப்புக் கருவிகளில் பிரதி செய்யுங்கள். ஒன்றை அலுவலகத்திலும் மற்றையதை வேறிடத்திலும் வையுங்கள். பிரதிகள் திறக்கின்றனவா என்பதை இன்னொரு கணனியில் பாருங்கள்.

2. ஆவணங்கள்

வேர்ட், எக்செல் கோப்புகளை லிப்ரே ஒபிஸ் என்னும் இலவச மென்பொருள் திறக்கும். பக்க அமைப்பு சிறிது மாறலாம். எக்செலில் எழுதப்பட்ட மக்ரோக்கள் சில இயங்காது போகலாம். மாறுவதற்கு முன்னரே லிப்ரே ஒபிஸை விண்டோஸில் நிறுவி, ஒரு வருடக் கணக்கைத் திறந்து மொத்தத் தொகைகள் ஒத்துவருகின்றனவா எனச் சரிபாருங்கள்.

3. பாமினி எழுத்து

எமது பழைய தமிழ் ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவில் உள்ளவை. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால், கணனி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளையே. எழுத்துரு இல்லாத கணனியில் அக்குறிகள் மட்டுமே தெரியும். ஆவணம் பழுதாகிவிட்டதென்று எண்ணி அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் பிரதிசெய்து லினக்ஸில் நிறுவினால் தமிழ் மீண்டும் தோன்றும்.

நிரந்தரத் தீர்வு யுனிகோட்டுக்கு மாற்றுவதாகும். அதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துக் கொடுத்தால் அவை உருக்குலைந்துவிடும். கடன் பெற்றோரின் பெயர்களையும் அடையாள அட்டை எண்களையும் அறியாத இணையத்தளங்களில் இடுவது தகாது. மூல ஆவணத்தை வைத்துக்கொண்டு பிரதியிலேயே வேலை செய்யுங்கள்.

4. மின்னஞ்சல்

உலாவியில் பார்க்கும் அஞ்சல்கள் சேவை வழங்குநரிடமே உள்ளன. கடவுச்சொல் தெரிந்தாற் போதும். ஐமாப் முறையிலும் அஞ்சல்கள் அங்கேயே இருக்கும். பொப் முறையில் இறக்கியவையோ உங்கள் கணனியில் மட்டும் இருக்கலாம். இங்கேயே கூடிய கவனம் தேவை.

தண்டர்பேர்ட் பாவிப்போர், அதன் கருவிகள் பட்டியலிலுள்ள ஏற்றுமதி வசதியால் யாவற்றையும் ஒரு கோப்பாக எடுத்து, லினக்ஸிலுள்ள தண்டர்பேர்டில் இறக்குமதி செய்யலாம். அளவு 2 கிகாபைட்டைத் தாண்டினால் சுயவிபர அடைவையே பிரதி செய்ய வேண்டும். அதில் கடவுச்சொற்களும் இருப்பதால் பத்திரமாக வையுங்கள்.

அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பை லினக்ஸில் நேரடியாகப் படிப்பது கடினம். விண்டோஸ் இருக்கும்போதே, ஐமாப் கணக்கொன்றை அவுட்லுக்கில் சேர்த்துப் பழைய அஞ்சல்களை அதற்குள் இழுத்துவிடுங்கள். அவை சேவை வழங்குநரிடம் சென்றபின் எக்கணனியிலிருந்தும் பார்க்கலாம்.

5. பரீட்சித்து மாறுதல்

பல லினக்ஸ் வகைகளை நிறுவாமலே யூஎஸ்பி கருவியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அச்சு இயந்திரமும் இணைய இணைப்பும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். அதன் பின்னரும் ஆண்டறிக்கை ஒன்று முடியும்வரை பழைய பிரதிகளை அழிக்க வேண்டாம்.

ஓர் ஏழைத் தாய் தன் கடனைக் கட்டி முடித்ததற்குச் சான்று அந்தப் பேரேடுதான். அதைக் காப்பது எமது உக்கிராணத்துவத்தின் ஒரு பகுதியாகும்.

கலந்துரையாடலுக்கு:

அ. உங்கள் சங்கக் கணனி நாளை பழுதடைந்தால் எவை இழக்கப்படும்?

ஆ. கடவுச்சொற்களை அறிந்தவர் ஒருவர் மட்டுமா?

இ. பாமினியில் உள்ளவற்றில் முதலில் மாற்ற வேண்டியவை எவை? அப்பணியை யாரிடம் ஒப்படைக்கலாம்?