ஹூக்ளிக் கரையும் தமிழகக் கரையும்

கங்கையின் கிளையாறான ஹூக்ளி, கொல்கத்தா வழியே பாய்ந்து வங்கக் கடலில் கலக்கிறது. முற்காலத்தில் கடற்கப்பல்கள் இவ்வாற்றின் வழியே உள்நாடு வரை வந்தன. வங்கத்தின் பட்டு, பருத்தித் துணி, வெடியுப்பு ஆகியவற்றை நாடி ஐரோப்பிய வணிகர் இங்கு வந்தனர்.

சின்சுராவில் டச்சுக்காரரும், சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரரும், சீராம்பூரில் டேனியரும் தங்கினர். 1690ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சுதாநுதி என்னும் ஊரில் குடியேறினர். அதுவே பின்னர்க் கொல்கத்தாவின் ஒரு பகுதியாயிற்று. இந்நால்வரும் தமிழகக் கடற்கரைக்கும் வந்தவர்களே. நாகப்பட்டினம், புதுச்சேரி, தரங்கம்பாடி, சென்னை ஆகியவை முறையே அவர்களுடைய ஊர்களாயின. டேனியர் 1845ஆம் ஆண்டு தரங்கம்பாடியையும் சீராம்பூரையும் ஒருங்கே ஆங்கிலேயருக்கு விற்றனர். அவ்வூர்களில் வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை.

1757ஆம் ஆண்டு பிளாசிப் போருக்குப் பின் வங்கம் ஆங்கிலேயர் வயமாயிற்று. இங்கு நெய்த துணி உலகெங்கும் சென்ற நிலை மாறியது. இங்கிலாந்து ஆலைத்துணி இங்கு வந்து குவிந்தது. நெசவாளர் பலர் தொழிலிழந்தனர். 1855ஆம் ஆண்டு ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. பிற மாநிலத்தவரும் வேலை தேடி ஆற்றங்கரைக்கு வந்தனர்.

ஆறு சுமந்து வரும் வண்டல் துறைமுகத்தின் ஆழத்தைக் குறைத்தது. ஆதலின் 1975ஆம் ஆண்டு பராக்கா அணை இயங்கத் தொடங்கியது. பெருங்கப்பல்களுக்காகக் கடலருகே ஹால்தியாத் துறைமுகம் அமைந்தது.

பயிற்சி

1. இரு கரைகளுக்கும் வந்த ஐரோப்பியரையும் அவர்தம் ஊர்களையும் அட்டவணைப்படுத்துக.
2. வங்க நெசவாளர் தொழிலிழந்தது ஏன்?
3. உம் குடும்பத்தார் கொல்கத்தாவுக்கு வந்த காரணத்தைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.