கிணறு எங்கே இருக்கிறது?
இடத்தைக் காட்டும் ஆங்கிலச் சொற்கள்

நாம் விட்டுவந்த காணியைப் பற்றி யாராவது தமிழில் விசாரித்தால் தடங்கலின்றிச் சொல்லிவிடுவோம். வீடு எந்தப் பக்கம், கிணறு எங்கே, வடக்கு எல்லை யாருடையது என்பவை எல்லாம் நம் மனதில் பதிந்தவை. ஆனால் இழப்பு விபரப் படிவம் ஆங்கிலத்தில் வரும்போது வேறொருவர் நிரப்ப, நாம் கையொப்பம் இடுகிறோம். ஒரு சிறு சொல் மாறினால் நமது கிணறு அயலவரின் கிணறாகிவிடும்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத நமக்கு உரிமையுண்டு. எனினும் வெளிநாட்டு உதவி நிறுவனங்களின் படிவங்கள் பலவும், சில பழைய உறுதிகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எனவே இப்பாடத்தில் இடத்தைக் காட்டும் சொற்களைப் பார்ப்போம். தமிழில் இவை பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் முன்னால் வரும்.

1. இன், ஒன், அற்

வயலில், அணைக்கட்டில், சந்தியில் என மூன்றுக்கும் தமிழில் 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வேண்டும்.

இன்: சுற்றிவர எல்லை உள்ள இடத்துக்குள். ஊர், மாவட்டம், வயல், கிணறு.
ஒன்: ஒரு பரப்பின் மேல் அல்லது ஒரு கோட்டின் மேல். அணைக்கட்டு, சுவர், றோட்டு, எல்லை.
அற்: ஒரு புள்ளி போல நினைக்கும் இடத்தில். சந்தி, படலை.

பரந்தனை எடுத்துக்கொள்வோம். அது இன் கிளிநொச்சி டிஸ்றிக்ற். ஒன் த ஏ9 றோட். முல்லைத்தீவு வீதி பிரியும் இடத்தில் நிற்பவர் அற் பரந்தன் ஜங்ஷன் நிற்கிறார்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். 'ஒன் அவர் லாண்ட்' என்றால் கிணறு நமது காணியில். 'ஒன் த பவுண்டரி' என்றால் எல்லைக் கோட்டிலேயே இருக்கிறது. பங்குக் கிணறு என்று எண்ண இடமுண்டு. 'நியர் அவர் லாண்ட்' என்றால் காணிக்கு வெளியே, கிட்டவாக. மூன்றும் ஒன்றல்ல.

2. அண்டர், பிலோ

இரண்டும் 'கீழே' தான். நேர் கீழே, மூடியபடி மேலே ஒன்று இருந்தால் அண்டர்: மரத்தின் கீழ் ஆடு, கட்டிலின் கீழ் பெட்டி. மட்டத்தில் தாழ்வாக இருந்தால் பிலோ: மேட்டு நிலத்து வீட்டிலும் தாழ்ந்த வயல் பிலோ த ஹவுஸ்.

இங்கே ஒரு கவனம். 'இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்' என்று நாம் சொல்வது அந்தக் குளத்து நீர் பாயும் வயலை. இலங்கையின் நீர்ப்பாசன ஆங்கிலத்திலும் அவ்வாறே 'அண்டர் த ராங்க்' என்று எழுதுவார்கள். ஆனால் வெளிநாட்டார் அதை வாசித்தால் வயல் குளத்து நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது என்று நினைக்கக்கூடும். 'இரிகேற்றட் பை த ராங்க்', அதாவது குளத்தால் நீர் பாய்ச்சப்படுவது என்று எழுதுவித்தால் குழப்பமில்லை.

3. ஓவர், அபவ்

ஒன்றை மூடினாலோ கடந்தாலோ ஓவர்: நெற்குவியலை மூடிய படங்கு, வாய்க்காலைக் கடக்கும் பாலம். உயர்ந்த மட்டத்தில் மட்டும் இருந்தால் அபவ்: வெள்ளம் எட்டாத மேட்டில் உள்ள வீடு.

4. பிற்வீன், அமங்

தனித்தனியே எண்ணிச் சொல்லக்கூடியவற்றின் நடுவே என்றால் பிற்வீன்: காணி றோட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடையில். கூட்டமாய் உள்ளவற்றின் நடுவே என்றால் அமங்: பனைகளுக்குள் ஒரு வீடு. எல்லை சொல்லும்போது பிற்வீன் தான் பொருந்தும்.

5. பக்கத்தில், முன்னால்

நெக்ஸ்ற் ரு என்றால் அடுத்தது. நடுவில் வேறொன்றும் இல்லை. நியர் என்றால் கிட்ட. நடுவில் இரண்டு காணிகள்கூட இருக்கலாம். இன் ஃபிரன்ற் ஒவ் என்றால் முன்பக்கத்தில். ஒப்போசிற் என்றால் நடுவே றோட்டோ வெளியோ இருக்க, மறுபக்கத்தில் நேரெதிரே.

பயிற்சி: எந்தச் சொல் வரும்?

அ. கிணற்றுக்குள் விழுந்த வாளி
ஆ. அணைக்கட்டில் நிற்கும் மருதமரம்
இ. வாய்க்காலைக் கடக்கப் போட்ட தென்னங்குற்றி
ஈ. இரண்டு தென்னைகளுக்கு நடுவே மாட்டுக்கொட்டில்
உ. கோவிலுக்கு எதிரே, றோட்டின் மறுபக்கத்தில் பாடசாலை

விடைகள்: அ. இன், ஆ. ஒன், இ. ஓவர், ஈ. பிற்வீன், உ. ஒப்போசிற்.

வீட்டு வேலை: ஒரு தாளில் உங்கள் காணியைக் கீறுங்கள். வீடு, கிணறு, படலை, நான்கு எல்லைகள் எல்லாவற்றையும் குறியுங்கள். படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிவைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொருத்தமான சொல்லை எழுதுங்கள். பிள்ளைகள் ஆங்கிலம் அறிவார்கள். பெரியவர்கள் காணியை அறிவார்கள். அடுத்த முறை படிவம் வரும்போது அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள். நிரப்பியவரிடம் இடம் சொல்லும் வரிகளை உரத்து வாசிக்கச் சொல்லி, தாளோடு ஒத்துப் பார்த்த பின்பே கையொப்பம் இடுங்கள்.